லினக்ஸில் டிஜிட்டல் தொலைக்காட்சி: ட்யூனர் டிரைவர்களின் வரலாறு

டிஜிட்டல் தொலைக்காட்சி ட்யூனர் என்பது ஆன்டெனாவிலோ டிஷ்ஷிலோ வந்து சேரும் அலையைக் கணினிக்குப் புரியும் பைட்டுகளாக மாற்றித் தரும் கருவி. தொடக்கத்தில் இது கணினிப் பெட்டிக்குள் செருகும் பிசிஐ அட்டையாக இருந்தது. பின்னர் விரல் நீள யுஎஸ்பி டாங்கிளாகச் சுருங்கியது. எந்த வடிவில் வந்தாலும் அதை இயக்க ஒரு டிரைவர் நிரல் வேண்டும். விண்டோஸுக்கான டிரைவரைத் தயாரிப்பாளரே குறுந்தகட்டில் போட்டு அட்டையோடு சேர்த்து விற்றார். லினக்ஸுக்கான டிரைவர்களில் பெரும்பகுதி வேறு வழியில் வந்தது. சிலவற்றை ஒரு சிறு ஜெர்மானிய நிறுவனம் எழுதியது. மற்றவற்றைப் பல நாடுகளில் சிதறிக் கிடந்த நிரலாளர்கள், சிப்பின் ஆவணம்கூடக் கையில் இல்லாமல் எழுதினார்கள்.

இந்தக் கருவிக்குள் பொதுவாக மூன்று சிப்கள் இருக்கும். முதலாவது ட்யூனர். அது நிரல் கேட்ட அதிர்வெண்ணில் வரும் அலையை மட்டும் பொறுக்கி, கையாளத் தோதான தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கித் தரும். இரண்டாவது டிமாடுலேட்டர். அலையில் ஏற்றப்பட்ட எண்களைப் பிரித்தெடுத்து, வழியில் நேர்ந்த பிழைகளைத் திருத்துவது இதன் வேலை. உழைப்பில் பெரும்பங்கு இதனுடையதுதான். தரைவழி ஒளிபரப்பான டிவிபி-டி முறையில் ஒரே சேனல் அகலத்துக்குள் 1,705 அல்லது 6,817 சிறு சுமப்பலைகள் அடுக்கப்பட்டிருக்கும். அத்தனையையும் ஒரே நேரத்தில் இந்தச் சிப் பிரித்துப் படிக்கிறது. மூன்றாவது இணைப்புச் சிப். கிடைத்த பைட்டுகளை பிசிஐ வழியாகவோ யுஎஸ்பி வழியாகவோ கணினிக்கு அனுப்புவதோடு, மற்ற இரு சிப்களுக்கும் கட்டளை கொண்டு போகும் ஐ2சி என்ற இரட்டைக் கம்பித் தடத்தையும் இதுவே நடத்துகிறது.

கடைசியில் கணினிக்கு வந்து சேர்வது 188 பைட் நீளமுள்ள பொட்டலங்களின் தொடர். ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் 13 பிட் அளவில் ஓர் அடையாள எண் உண்டு. ஒரே அலையில் பல சேனல்களின் படமும் ஒலியும் கலந்து வருவதால், எந்தப் பொட்டலம் எதற்கு உரியது என்பதை இந்த எண்ணைக் கொண்டுதான் பிரிக்க வேண்டும். சுழி எண் கொண்ட பொட்டலங்களில் சேனல் பட்டியல் இருக்கும். மற்றவற்றைத் தேடத் தொடங்குவது அங்கிருந்துதான்.

டிரைவர் எழுதுபவருக்கு அலையைப் பிரித்துப் படிக்கும் கணிதம் பெரிய தடையாக இருந்ததில்லை. அதைச் சிப்பே செய்துவிடும். ஒவ்வொரு சிப்பிலும் ரெஜிஸ்டர்கள் என்ற சிறு நினைவு அறைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். எந்த ரெஜிஸ்டரில் எந்த எண்ணை எந்த வரிசையில் எழுதினால் சிப் விழித்தெழுந்து வேலை செய்யும் என்பதே கேள்வி. இதைச் சொல்லும் ஆவணத்தைச் சிப் நிறுவனங்கள் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு மட்டுமே கொடுத்தன. லினக்ஸ் தொலைக்காட்சி டிரைவர்களின் வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு ஆவணத்தைச் சுற்றியே ஓடுகிறது.

டிஜிட்டலுக்கு முன்பே அனலாக் தொலைக்காட்சி அட்டைகள் லினக்ஸுக்குள் வந்துவிட்டன. ஆலன் காக்ஸ் உருவாக்கிய ‘வீடியோ ஃபார் லினக்ஸ்’ என்ற இடைமுகம் லினக்ஸின் மைய நிரலான கெர்னலின் 1999 ஜனவரியில் வெளியான 2.2 பதிப்பில் இடம்பெற்றது. புரூக்ட்ரீ நிறுவனத்தின் பிடி848 சிப்புக்கு ரால்ஃப் மெட்ஸ்லர் எழுதிய பிடிடிவி டிரைவர் அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்டது. ஆனால் அந்த இடைமுகம், படச் சட்டங்களைப் பிடித்து நினைவகத்தில் போடும் அட்டைகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. சுருக்கப்பட்ட பொட்டலங்களாக வரும் ஒளிபரப்பைப் பிரிப்பது, ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்வது போன்ற வேலைகளுக்கு அதில் இடமில்லை.

ஐரோப்பாவின் டிவிபி திட்டம் 1993இல் தொடங்கியது. செயற்கைக்கோள் வழி, கேபிள் வழி, தரைவழி என மூன்று முறைகளுக்கும் அது அடுத்த சில ஆண்டுகளில் தரநிலைகளை வகுத்தது. தரநிலை என்னவோ எல்லாரும் படிக்கக்கூடிய பொது ஆவணம்தான். அலை எப்படி அமைந்திருக்கும், பொட்டலத்தில் எந்த பிட் எங்கே இருக்கும் என்பதெல்லாம் அதில் எழுத்துக்கு எழுத்து உண்டு. அந்த அலையை வாங்கும் சிப்போ மூடிய பெட்டி. ஒளிபரப்பின் ஒரு முனை முழுக்கத் திறந்தும் மறுமுனை முழுக்க அடைத்தும் இருந்த இந்த நிலை பத்தாண்டுக்கு மேல் நீடித்தது.

1999இல் பெர்லினைச் சேர்ந்த கன்வர்ஜென்ஸ் இன்டக்ரேட்டட் மீடியா என்ற நிறுவனம் லினக்ஸை வைத்து டிஜிட்டல் தொலைக்காட்சி வேலைகளில் இறங்கியது. அங்கே ரால்ஃப் மெட்ஸ்லரும் மார்கஸ் மெட்ஸ்லரும் ஒரு செயற்கைக்கோள் அட்டைக்கு டிரைவர் எழுதினார்கள். டெக்னோட்ரெண்ட் வடிவமைத்த அந்த அட்டை சீமென்ஸ், ஹாப்பாக் ஆகிய பெயர்களில் விற்பனையானது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏவி7110 என்ற சிப் அதன் நடுவில் இருந்தது. அன்றைய கணினிச் செயலிகளுக்கு எம்பெக்-2 முறையில் சுருக்கிய படத்தை விரிப்பது சுமையான வேலை என்பதால் அந்த வேலையை அட்டையே செய்து, படத்தை நேரே தொலைக்காட்சிப் பெட்டிக்கு அனுப்பியது. சிப்புக்குள் ஓர் ஏஆர்எம் செயலி தன் சொந்த நிரலோடு ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் அவர்கள் பழைய அனலாக் இடைமுகத்தையே நீட்டிப் பயன்படுத்திப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோக்கியா நிறுவனம், லினக்ஸுக்கென ஒரு பொது டிவிபி இடைமுகம் அமைக்கலாம் என்ற யோசனையோடு கன்வர்ஜென்ஸை அணுகியது. நோக்கியா அப்போது தொலைக்காட்சிப் பெட்டி மேல் வைக்கும் செட்டாப் பாக்ஸ்களும் தயாரித்துவந்தது. இரு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த இடைமுகம் 2000 செப்டம்பரில் எல்லாருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. ‘லினக்ஸ்டிவி’ என்ற பெயரில் பின்னர் பலரும் சேர்ந்து நடத்திய திட்டத்தின் அடித்தளம் இது.

அதன் அமைப்பு எளிமையானது. அட்டையின் ஒவ்வொரு வேலையும் ஒரு தனிக் கோப்பாகக் காட்டப்பட்டது. அலையைப் பிடிப்பதற்கு ‘ஃபிரன்ட்எண்ட்’, பொட்டலங்களைப் பிரிப்பதற்கு ‘டீமக்ஸ்’, பதிவுக்கு ‘டிவிஆர்’, கட்டணச் சேனல் அட்டைக்கு ‘சிஏ’. செயலி எழுதுபவர் எந்த அட்டை, எந்தச் சிப் என்று அறியத் தேவையில்லை. அதிர்வெண்ணைச் சொல்லி, வேண்டிய அடையாள எண்களைக் கேட்டால் போதும். கால் நூற்றாண்டு கழிந்தும் இந்தப் பகுப்பு மாறவில்லை என்பதே அதன் தரத்துக்குச் சான்று.

அதே 2000ஆம் ஆண்டில் கிளாவ்ஸ் ஷ்மிடிங்கர் ‘விடிஆர்’ என்ற பதிவுச் செயலியை வெளியிட்டார். ஏவி7110 அட்டை பொருத்திய பழைய கணினி ஒன்று, ரிமோட்டில் இயங்கும் பதிவுப் பெட்டியாக மாறியது. டிரைவர்கள் சோதனைக்கு உள்ளானது பெரும்பாலும் இத்தகைய செயலிகளைத் தினமும் பயன்படுத்திய வீட்டுக்காரர்களிடம்தான். இரவு ஓடவேண்டிய பதிவு பாதியில் நின்றுபோனால் காலையில் அவர்கள் அமைதியாக இருக்கமாட்டார்கள். பிழை அறிக்கைக்கு அதைவிட நல்ல தூண்டுதல் கிடையாது.

டிவிபி டிரைவர்கள் 2002இன் இறுதியில், 2.5 என்ற வளர்ச்சித் தொடரில் அதிகாரபூர்வக் கெர்னலுக்குள் சேர்ந்தன. 2003 டிசம்பரில் 2.6 கெர்னல் வெளியானபோது டிவிபி இடைமுகத்தின் மூன்றாம் பதிப்பு அதன் பகுதியாக இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பெர்லின் நகரம் அனலாக் தரைவழி ஒளிபரப்பை முழுதாக நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறியது. உலகில் முதலில் அப்படி மாறிய பெருநகரம் அது. கூரை ஆன்டெனாவில் டிஜிட்டல் படம் கிடைக்கத் தொடங்கியதும் தரைவழி ட்யூனர்களுக்குச் சந்தை பெருகியது.

இந்தக் கட்டத்தில் வன்பொருளின் போக்கும் திரும்பியது. கணினிச் செயலிகள் வேகமானதால் படத்தை விரிக்கத் தனிச் சிப் தேவைப்படவில்லை. ‘பட்ஜெட்’ என்று அழைக்கப்பட்ட மலிவு அட்டைகளில் விரிப்பான் கிடையாது. வந்த பொட்டலங்களை அப்படியே கணினியிடம் தள்ளிவிடும். விலை குறைந்த இந்த அட்டைதான் டிரைவர் எழுத எளிதாகவும், பல சேனல்களை ஒரே நேரத்தில் பதிவு செய்ய வசதியாகவும் அமைந்தது. விலையுயர்ந்த ஏவி7110 அட்டையால் ஓர் அலையில் வரும் எல்லாப் பொட்டலங்களையும் கணினிக்குக் கடத்த முடியவில்லை. பொறுமையும் சூட்டுக்கோலும் உள்ள சிலர் அட்டையில் கூடுதல் கம்பிகளைப் பற்றவைத்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டார்கள். அந்த மாற்றத்தையும் டிரைவர் ஆதரித்தது.

யுஎஸ்பி டாங்கிள்கள் பெருகியதும் வேறொரு சிக்கல் தலைதூக்கியது. பழைய யுஎஸ்பி 1.1 தடத்தின் வேகம் நொடிக்கு 12 மெகாபிட். டிவிபி-டி அலை ஒன்று நொடிக்கு 31 மெகாபிட்டுக்கு மேலும் சுமக்கக்கூடியது. எனவே தேவையான சேனலின் பொட்டலங்களை மட்டும் டாங்கிளே வடிகட்டி அனுப்ப வேண்டியிருந்தது. யுஎஸ்பி 2.0 வந்தபின் அந்த நெருக்கடி நீங்கியது. பாட்ரிக் போட்சர் அமைத்த ‘டிவிபி-யுஎஸ்பி’ என்ற சட்டகம் எல்லா டாங்கிள்களுக்கும் பொதுவான வேலைகளை ஓரிடத்தில் சேர்த்தது. புதிய டாங்கிளுக்கு டிரைவர் எழுதுபவர் அதன் தனித்தன்மையை மட்டும் எழுதினால் போதும் என்ற நிலை வந்தது.

ஒரு புதிய டாங்கிள் கைக்கு வந்தால் செய்யும் வேலைக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் யுஎஸ்பி வழியாக அது சொல்லும் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் குறித்துக்கொள்வார்கள். பிறகு பிளாஸ்டிக் ஓட்டைப் பிரித்து, தகரக் கவசத்தை நீக்கி, சிப்களின் மேல் அச்சிட்ட எழுத்துகளைப் படிப்பார்கள். வெளிப்பெட்டியில் இருக்கும் பெயரை நம்ப முடியாது. ஒரே பெயரில் விற்ற டாங்கிளுக்குள் ஆறு மாதம் கழித்து வேறு சிப் இருக்கும். பத்துப் பெயர்களில் விற்ற டாங்கிள்களுக்குள் ஒரே சிப் இருக்கும். தெரிந்த சிப்களாக இருந்தால் ஏற்கெனவே உள்ள டிரைவர்களை இணைத்து, டாங்கிளின் எண்களை டிரைவரின் பட்டியலில் சேர்ப்பதோடு வேலை முடிந்துவிடும். சில வரி நிரல்தான். கெர்னலுக்கு முதன்முதலாக நிரல் அனுப்பியவர்களில் பலர் இப்படி ஒரு வரி சேர்த்துத் தொடங்கியவர்கள்.

தெரியாத சிப்பாக இருந்தால் ஒட்டுக்கேட்பதுதான் வழி. விண்டோஸில் தயாரிப்பாளரின் டிரைவரை ஓடவிட்டு, அதற்கும் டாங்கிளுக்கும் இடையே யுஎஸ்பி தடத்தில் போகும் ஒவ்வொரு கட்டளையையும் பதிவு செய்வார்கள். இதற்கெனத் தனி மென்பொருள்கள் இருந்தன. சேனலை மாற்றினால் எந்த எண் மாறுகிறது, 7 மெகாஹெர்ட்ஸ் அகலத்திலிருந்து 8க்குப் போனால் எது மாறுகிறது என்று பதிவுகளை ஒப்பிட்டு ஒவ்வொரு ரெஜிஸ்டரின் பொருளையும் ஊகித்தார்கள். அதிர்வெண்ணை ஒரு சீராக ஏற்றிக்கொண்டே போய், மாறும் எண்களை வரிசைப்படுத்தினால் கணக்கின் சூத்திரம் தெரிந்துவிடும். பொருளே புரியாமல், விண்டோஸ் டிரைவர் எழுதிய அதே எண்களை அதே வரிசையில் திரும்ப எழுதும் நீண்ட பட்டியல்கள் இன்றும் கெர்னலின் பல டிரைவர்களில் கிடக்கின்றன. அழகான நிரல் அல்லதான், ஆனால் ஓடுகிறது.

இந்த உழைப்புக்குச் சட்டப் பாதுகாப்பு ஓரளவு இருந்தது. ஐரோப்பியச் சமூகம் 1991இல் வெளியிட்ட கணினி நிரல் பதிப்புரிமை நெறிமுறை, நிரல் இயங்குவதைக் கவனித்து அதன் அடிப்படைக் கருத்துகளை அறிவதை அனுமதித்தது. வேறொரு நிரலோடு ஒத்தியங்கச் செய்வதற்காகப் பிரித்து ஆராய்வதையும் சில நிபந்தனைகளோடு ஏற்றது. இத்துறையில் உழைத்தவர்கள் பலர் ஜெர்மனியிலும் பின்லாந்திலும் பிரான்சிலும் இருந்தது அவர்களுக்கு உதவியது.

ஊகித்துத் தீர்க்க முடியாத ஒன்றும் இருந்தது: ஃபர்ம்வேர். பல சிப்களுக்குள் சிறு செயலி உண்டு. அதற்கான நிரலை மின்சாரம் வந்ததும் கணினியே ஏற்றிவிட வேண்டும். இந்த நிரலின் பதிப்புரிமை சிப் நிறுவனத்துடையது. அதை கெர்னலோடு சேர்த்து விநியோகிக்க அனுமதி கிடையாது. எனவே கெர்னல், தேவைப்படும்போது வட்டிலிருந்து ஃபர்ம்வேரைக் கேட்டு வாங்கும் ஏற்பாட்டைச் செய்துகொண்டது. கோப்பைத் தேடித் தருவது பயனர் பொறுப்பு. பயனருக்கு உதவ ஒரு சிறு நிரல் எழுதப்பட்டது; அது தயாரிப்பாளரின் விண்டோஸ் டிரைவரை இறக்கி, இத்தனையாவது பைட்டிலிருந்து இத்தனை பைட் என்று வெட்டி எடுத்து ஃபர்ம்வேர் கோப்பாக வைத்துவிடும். எக்ஸ்சீவ் நிறுவனத்தின் எக்ஸ்சி3028 ட்யூனருக்கு இப்படித்தான் ஃபர்ம்வேர் கிடைத்தது. பின்னாளில் சில நிறுவனங்கள் மனம் இறங்கின. டிப்காம் தன் டிப்0700 சிப்பின் ஃபர்ம்வேரை எல்லாரும் பகிரலாம் என்று உரிமம் கொடுத்தது. எக்ஸ்சி5000 ட்யூனருக்கும் அப்படி உரிமம் வந்தது. ஒரு தாள் அனுமதியால் தீர்ந்திருக்கக்கூடிய விஷயத்துக்குப் பயனர்கள் ஆண்டுக்கணக்கில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

தொழில்நுட்பத்தைவிட மனிதர்களால் அதிகம் தாமதமான கட்டம் 2006க்கும் 2008க்கும் இடையில் வந்தது. டிவிபி-எஸ்2 என்ற இரண்டாம் தலைமுறைச் செயற்கைக்கோள் தரநிலை 2005இல் வெளியாகி, உயர்தெளிவுச் சேனல்கள் அதில் வரத் தொடங்கின. லினக்ஸ் இடைமுகத்தின் மூன்றாம் பதிப்பில் புதிய முறைக்கான விவரங்களைச் சொல்ல இடமில்லை. பழைய செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கு அதிர்வெண், குறியீட்டு வேகம், பிழைதிருத்த விகிதம் என மூன்று விவரம் போதும். புதியதற்குப் பண்பேற்ற வகை, அலை விளிம்பின் சரிவு, வழிகாட்டிக் குறியீடு உண்டா இல்லையா என்பவையும் வேண்டும்.

கூடுதலாகச் சில புலங்களைச் சேர்த்துவிட்டால் தீராதா என்று தோன்றும். தீராது. செயலி கெர்னலிடம் கட்டளை சொல்லும் எண்ணுக்குள்ளேயே, அனுப்பும் தகவல் தொகுதியின் அளவும் பொதிந்திருக்கிறது. தொகுதியைப் பெரிதாக்கினால் கட்டளை எண்ணே மாறிவிடும். ஏற்கெனவே தொகுக்கப்பட்ட செயலிகள் எல்லாம் செயலிழக்கும். பழைய செயலிகளை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸ் கெர்னலின் கறாரான விதி.

மனு ஆபிரகாம் ‘மல்டிபுரோட்டோ’ என்ற பெயரில் ஒரு தீர்வை உருவாக்கினார். அதை வைத்து எஸ்2 அட்டைகள் இயங்கவும் செய்தன. ஆனால் அது ஈராண்டாகியும் அதிகாரபூர்வக் கெர்னலுக்குள் வரவில்லை. பயனர்கள் தனியாக நிரலை இறக்கி, ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் ஒட்டுப்போட்டுத் தொகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. செயலி எழுதுபவர்களோ எந்த இடைமுகத்தை நம்பி எழுதுவது என்று தயங்கி நின்றார்கள். 2008இல் ஸ்டீவன் டோத் மாற்று யோசனை ஒன்றை முன்வைத்தார். விவரங்களை ஒரே இறுகிய தொகுதியாக அனுப்பாமல், பெயரும் மதிப்புமாக இணை இணையாக அனுப்புவது. அதிர்வெண் இவ்வளவு, பண்பேற்றம் இது, ட்யூன் செய் என்று கட்டளைகள் வரிசையாகப் போகும். நாளை புதிய தரநிலை வந்தால் புதிய பெயர்களைச் சேர்த்தால் போதும். பழையவை எதுவும் மாறாது.

கடும் விவாதங்களுக்குப் பிறகு டெவலப்பர்கள் இரண்டாவது யோசனையைத் தேர்ந்தார்கள். ‘எஸ்2 ஏபிஐ’ என்ற பெயரில் அது 2008 டிசம்பரில் 2.6.28 கெர்னலோடு வெளியானது. பதிப்பு எண் மூன்றிலிருந்து நேரே ஐந்துக்குத் தாவியது. நான்காம் பதிப்பு என்று முன்பே திட்டமிட்ட ஒன்று நிறைவேறாமலே கைவிடப்பட்டிருந்தது. முதலில் உழைத்தவரின் தீர்வு தள்ளப்பட்டது அநியாயம் என்று கருதியவர்கள் உண்டு. ஆனால் அடுத்த ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தால் தேர்வு சரிதான். ஜப்பானியத் தரநிலையைத் தழுவி 2007 டிசம்பரில் பிரேசில் தொடங்கிய ஐஎஸ்டிபி-டி ஒளிபரப்பும், 2009இல் வகுக்கப்பட்ட டிவிபி-டி2 தரநிலையும் இதே இடைமுகத்தில் இடைஞ்சல் இல்லாமல் சேர்ந்துகொண்டன. பிரேசில் முறைக்கான ஆதரவைச் சேர்ப்பதில் பங்காற்றிய மவுரோ கார்வால்யோ செஹாப் அந்நாட்டவர். லினக்ஸ் கெர்னலின் ஊடகப் பிரிவு முழுவதற்கும் நெடுங்காலமாகப் பொறுப்பாளர்.

பின்லாந்தின் அன்டி பலோசாரி இக்காலத்தில் எழுதிய டிரைவர்கள் மட்டுமே ஒரு நீண்ட பட்டியலாகும். அஃபாடெக் ஏஎஃப்9015 சிப் அவற்றில் ஒன்று. அந்தச் சிப் உள்ள டாங்கிள்களில் எந்த ட்யூனர் பொருத்தப்பட்டிருக்கிறது என்ற விவரம் ஒரு சிறு நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். டிரைவர் அதைப் படித்துத் தானே பொருத்திக்கொள்ளும். ஒவ்வொரு டாங்கிளையும் உடைத்துப் பார்க்கும் வேலை அவ்வளவுக்குக் குறைந்தது.

இந்த வரலாற்றின் எதிர்பாராத திருப்பமும் அவரைத் தொட்டே வருகிறது. தைவானின் ரியல்டெக் நிறுவனம் ஆர்டிஎல்2832யு என்ற சிப்பை வெளியிட்டது. டிமாடுலேட்டரும் யுஎஸ்பி இணைப்பும் ஒன்றாகச் சேர்ந்தது அது. விலை மலிவு என்பதால் எண்ணற்ற டாங்கிள்களில் ஏறியது. தொலைக்காட்சியோடு எஃப்எம் வானொலியும் கேட்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். வானொலிக்கெனச் சிப்பில் தனிப் பகுதி கிடையாது. எஃப்எம் முறையில் சிப் தன் டிமாடுலேட்டரை ஒதுக்கிவைத்துவிட்டு, ட்யூனர் தந்த அலையை எண்களாக மாற்றி அப்படியே கணினிக்குத் தள்ளியது. ஒலியைப் பிரிப்பது விண்டோஸ் மென்பொருளின் வேலை. 2010இல் எரிக் ஃப்ரை யுஎஸ்பி தடத்தை ஒட்டுக்கேட்டு ஆராய்ந்தபோது இந்தக் கச்சா எண்கள் வெளிப்பட்டன. 2012 பிப்ரவரியில் பலோசாரி இதன் பொருளை எடுத்துக்காட்டினார். எஃப்எம் அலைக்குக் கச்சா எண்கள் கிடைக்குமானால், ட்யூனர் எட்டும் எந்த அலைக்கும் கிடைக்கும். தொலைக்காட்சிக்காக விற்ற மலிவு டாங்கிள், எந்த வானொலி அலையையும் மென்பொருளால் பிரித்துப் படிக்கும் கருவி என்றாகிவிட்டது. அதுவரை இத்தகைய கருவியை வாங்க நூற்றுக்கணக்கான டாலர் செலவிட வேண்டியிருந்தது.

ஆஸ்மோகாம் என்ற திறந்த மூலக் குழுவைச் சேர்ந்த ஸ்டீவ் மார்க்கிராஃப் முதலானோர் ‘ஆர்டிஎல்-எஸ்டிஆர்’ என்ற மென்பொருளை விரைந்து எழுதினார்கள். எட்டு பிட் நுணுக்கத்தில், நொடிக்கு ஏறத்தாழ 24 லட்சம் மாதிரிகளைத் தவறவிடாமல் அது கொண்டுவந்து சேர்த்தது. தொடக்கத்தில் எலோனிக்ஸ் நிறுவனத்தின் இ4000 ட்யூனர் பொருந்திய டாங்கிள்களைத் தேடி வாங்கினார்கள். பிறகு ரஃபேல் மைக்ரோவின் ஆர்820டி அந்த இடத்தைப் பிடித்தது. 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை அதன் வீச்சு. விமானங்கள் 1,090 மெகாஹெர்ட்ஸில் தம் இருப்பிடத்தைச் சொல்லும் செய்திகளைப் பிடிக்க, சால்வடோரே சன்ஃபிலிப்போ 2012இலேயே ‘டம்ப்1090’ எழுதினார். 137 மெகாஹெர்ட்ஸில் வானிலைச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் மேகப் படங்களையும் மாணவர்கள் வீட்டு மாடியில் வாங்கினார்கள்.

ஆர்820டி ட்யூனரின் நிரல் போன பாதை தனியே சொல்லத் தக்கது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் மென்பொருளில் திறந்த உரிமத்தில் இருந்த நிரலை அடிப்படையாகக் கொண்டு, 2013இல் செஹாப் கெர்னலுக்கென அந்த ட்யூனர் டிரைவரைப் புதிதாக எழுதினார். அந்த நிரல் திருத்தமாக அமைந்ததால் ஆர்டிஎல்-எஸ்டிஆர் குழு அதைத் திரும்ப எடுத்துத் தம் தேவைக்கு மாற்றிக்கொண்டது. வானொலி ஆர்வலர்களிடமிருந்து தொலைக்காட்சிக்காரர்களுக்கும், அவர்களிடமிருந்து மறுபடி வானொலிக்கும் ஒரே நிரல் இரண்டு முறை கை மாறியது. இரு கோப்புகளின் தலைக்குறிப்பிலும் மற்றதைச் சுட்டும் குறிப்பு இருக்கிறது. மூடிய டிரைவராக இருந்திருந்தால் இதில் ஒரு படிகூட நடந்திருக்காது.

2014இல் மென்பொருள் வானொலிக்கான இடைமுகமும் கெர்னலிலேயே சேர்ந்தது. அதைச் சேர்த்தவரும் பலோசாரிதான். அதே காலத்தில் பானசோனிக்கின் டிவிபி-டி2 டிமாடுலேட்டர்களுக்கும் அவர் டிரைவர் எழுதினார். ஆர்டிஎல்2832 குடும்பச் சிப்பை இணைப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அருகில் பானசோனிக் சிப்பைப் பொருத்திய மலிவு டாங்கிள்கள் அப்போது சந்தைக்கு வந்திருந்தன.

இந்தியாவில் இந்த டிரைவர்களுக்கு வேலை இரண்டு வழியில் வந்தது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய டிடி டைரக்ட் பிளஸ் பூட்டில்லாத இலவசச் செயற்கைக்கோள் ஒளிபரப்பாக இருந்தது. டிவிபி-எஸ் அட்டை உள்ள லினக்ஸ் கணினியிலேயே அதைப் பார்க்க முடிந்தது. தரைவழியில் டிவிபி-டி2 ஒளிபரப்பை 2016 பிப்ரவரியில் சென்னை உள்பட 16 நகரங்களில் தூர்தர்ஷன் அறிமுகப்படுத்தியது. ஆனால் அதற்குள் வீடுகள் கேபிளுக்கும் தனியார் டிடிஎச்சுக்கும் போய்விட்டன. டி2 டாங்கிள் வாங்கிக் கணினியில் பார்த்தவர்கள் சிலரே. அந்தத் தனியார் சேவைகள் பூட்டிட்டு ஒளிபரப்புவதால், டிரைவர் சரியாக இயங்கினாலும் லினக்ஸ் கணினியில் படம் தெரியாது.

உலகெங்கும் இணையவழிப் படங்கள் பெருகியபின் புதிய ட்யூனர்களின் வரத்து குறைந்துவிட்டது. ஐரோப்பாவில் பல ட்யூனர்கள் பொருந்திய அட்டைகள் இன்னும் விற்கின்றன. தொடக்கத்தில் பெர்லின் டிரைவரை எழுதிய ரால்ஃப் மெட்ஸ்லர், ஜெர்மனியின் டிஜிட்டல் டிவைசஸ் அட்டைகளுக்கும் டிரைவர் எழுதியிருக்கிறார். ஆர்டிஎல்2832யு டாங்கிளோ தொலைக்காட்சி என்ற பெயரையே விட்டுவிட்டு வானொலிக் கருவியாகவே விற்பனையாகிறது. அதை லினக்ஸ் கணினியில் செருகியதும் கெர்னல் அதைத் தொலைக்காட்சி ட்யூனர் என்று கருதித் தன் டிவிபி டிரைவரை ஏற்றிவிடும். அதனால் வானொலிக்காக வாங்குபவர்களுக்குத் தரப்படும் வழிகாட்டிகளில், அந்த டிரைவர் ஏறாதபடி தடுத்துவைப்பது இன்று வழக்கமான முதல் படிகளில் ஒன்று.